இந்திய அணியை யார், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? காரைக்குடி ஸ்கோரர் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதி வருகிறேன். இந்திய அணி அறிவிக்கப்படும் நாளில் டீக்கடையில் என்னை நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். "நீங்கள்தானே கணக்கு எழுதுகிறவர், பதில் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள், ஏதோ பட்டியலை நான்தான் கையெழுத்திட்டு அனுப்பியதுபோல. ஒரே கேள்விக்கு வாரம் நாலு முறை பதில் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, பேச்சை எழுத்துக்கு மாற்றியது மட்டும் என் வேலை.

1. இந்திய அணியை உண்மையில் யார் எடுக்கிறார்கள்? கேப்டனா, பயிற்சியாளரா, இந்தியக் கிரிக்கெட் போர்டா?

ஐந்து பேர் கொண்ட தேர்வுக்குழு எடுக்கிறது. 2023 ஜூலையில் அஜித் அகர்கர் அதன் தலைவரானார். ஒரு தொடருக்குப் போகும் பதினைந்து, பதினாறு பேரின் பட்டியல் அவர்களுடையது. கேப்டனும் பயிற்சியாளரும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லலாம். வாக்கு ஐந்து பேருக்குத்தான். வாக்கு இல்லாதவர் பேச்சு எடுபடாது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் தாய்மாமனுக்கு எந்தச் சட்டத்தில் அதிகாரம் எழுதியிருக்கிறது? அப்படித்தான் இதுவும்.

ஆட்டத்தன்று காலையில் களமிறங்கும் பதினொருவர் வேறு கணக்கு. அதைக் கேப்டனும் பயிற்சியாளரும் ஆடுகளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் எங்கள் டீக்கடைச் சண்டையில் பாதி பிறக்கிறது.

2. அப்படியானால் அஷ்வினை இங்கிலாந்தில் உட்கார வைத்ததற்குத் தேர்வாளர்களைத் திட்டினோமே, அது தப்பா?

தப்புத்தான். 2021-இல் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அவர் பட்டியலில் இருந்தார், களத்தில் இல்லை. 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்திலும் அதே கதை. தேர்வாளர்கள் அவரை விமானம் ஏற்றித்தான் அனுப்பியிருந்தார்கள். அடி வாங்க வேண்டியவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர்.

3. தேர்வாளராக வருகிறவர் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டாமா? ஆறு டெஸ்ட் ஆடியவர் எப்படிக் கோலியைப் பற்றி முடிவு செய்வார்?

அந்த ஆறு டெஸ்ட் ஆடிய எம்.எஸ்.கே. பிரசாத் தேர்வுக்குழுத் தலைவராக இருந்த நாலு வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்துவிட்டேன். விதி இதுதான்: குறைந்தது 7 டெஸ்ட், அல்லது 30 முதல்தர (ரஞ்சிக் கோப்பை போன்ற பல நாள்) ஆட்டங்கள், அல்லது 10 ஒருநாள் ஆட்டங்களுடன் 20 முதல்தர ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும்; ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத நம் தமிழ்நாட்டு எஸ். சரத், நூற்றுக்கும் மேற்பட்ட முதல்தர ஆட்டங்களின் பலத்தில் தேர்வாளர் ஆனார். எனக்கு அது சரியாகவே படுகிறது. ரஞ்சி ஆட்டக்காரனின் பசி ரஞ்சியிலேயே காலம் கழித்தவருக்குத்தான் தெரியும்.

விஜய் மெர்ச்சன்ட் ஆடியதும் பத்தே டெஸ்டுகள்தான். 1971-இல் வாக்குகள் சமமாக நின்றபோது, தலைவர் என்ற முறையில் தன் கூடுதல் வாக்கைப் போட்டுப் பட்டோடியை விலக்கி அஜித் வடேகரைக் கேப்டனாக்கினார். அந்த ஆண்டு இந்தியா மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடரை வென்றது.

எத்தனை டெஸ்ட் ஆடினார் என்று கேட்பதைவிட, எத்தனை ஆட்டம் உட்கார்ந்து பார்த்தார் என்று கேட்கலாம். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் இன்று 38 அணிகள். ஒரு சுற்று நடக்கும்போது ஒரே நேரத்தில் பத்தொன்பது ஆட்டங்கள். தேர்வாளர்கள் ஐந்தே பேர். மீதி பதினான்கு மைதானங்களில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு ஸ்கோர் அட்டையாகத்தான் போய்ச் சேரும். பெரிய பெயர்களுக்கோ வர்ணனையாளர் அறையில் குளிர்சாதனமும் நல்ல பணமும் காத்திருக்கின்றன. வெயிலில் நான்கு நாள் உட்கார எத்தனை பேர் வருவார்கள்? இந்தப் பதவிக்குச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2008-இல், ஸ்ரீகாந்த் தலைவரானபோதுதான். அதுவரை அது கௌரவ வேலை.

4. மண்டலத்துக்கு ஒருவர் இருப்பதில் என்ன தவறு? ஒன்பது கோயில்காரரும் வந்தால்தானே பொதுக்காரியம் நடக்கும்?

இதைக் கேட்டவர் எங்கள் தெருப் பெரியவர். இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களை விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கேட்டார். வாதத்தில் நியாயம் இருக்கிறது. பொதுக்காரியத்தில் தன் பக்கத்து ஆள் இல்லாவிட்டால் பங்காளிக்கு மனம் ஒப்பாது.

ஆனால் காரியம் எது என்று பார்க்க வேண்டும். கோயிலில் பங்கு எல்லோருக்கும் சமம்; ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, ஒரு வரி. அணியில் பங்கு கிடையாது. மண்டலத்துக்கு ஒரு தேர்வாளர் என்றால், "என் ஆளுக்கு நீ ஒத்துக்கொள், உன் ஆளுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன்" என்ற பேரத்துக்குக் கதவு திறந்துவிடுகிறது. கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு 2016 ஜனவரியில் தந்த அறிக்கை, மூன்று தேர்வாளர்கள் போதும், மூவரும் டெஸ்ட் ஆடியவர்களாக இருக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் அறிக்கையின் பெரும்பகுதியை ஏற்றது. டெஸ்ட் ஆடாத இரண்டு பேர் விலக, குழு மூன்று பேரானது. 2018 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் மறுபடி ஐந்து பேர் என்று தளர்த்தியது. சட்டத்தில் மண்டலக் கட்டாயம் போய்விட்டாலும் பழக்கத்தில் போகவில்லை: 2024-இல் மேற்கிலிருந்து இருவர் இருக்கிறார்கள், வடக்குக்கு ஆளில்லை என்றுதான் சலீல் அங்கோலாவின் இடத்துக்கு அஜய் ராத்ரா வந்தார்.

என் கருத்து: ஐந்து பேர் இருக்கட்டும். மேலே சொன்ன பத்தொன்பது மைதானங்களுக்கு மூன்று பேர் எந்த மூலைக்குக் காணும்? மண்டலத்தை ஆட்டம் பார்க்கப் போகும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லையையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால், தெற்கைப் பார்த்தவர் அடுத்த ஆண்டு கிழக்கைப் பார்ப்பார். பாசம் வளர நேரம் இருக்காது.

5. நம் செட்டிநாட்டார் இருவர் போர்டுத் தலைவராக இருந்தார்களே? அப்போதே ஏன் சரிசெய்யவில்லை?

கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ. சிதம்பரம் 1960 முதல் 1963 வரை தலைவராக இருந்தார். சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரில்தான் நிற்கிறது. அவர் மகன் ஏ.சி. முத்தையா 1999 முதல் 2001 வரை தலைவர். மண்டலங்கள் மோதும் துலீப் கோப்பை தொடங்கியது சிதம்பரம் காலத்தில், 1961-62-இல். அந்த நாளைக்கு அதுவே பெரிய சீர்திருத்தம்: ரஞ்சியைவிடக் கடினமான ஓர் ஆட்டத்தில் ஆட்களை உரசிப் பார்க்க ஒரு கல் கிடைத்தது. 2024-இல் அதை ஏ, பி, சி, டி அணிகளாக மாற்றிவிட்டு, 2025-இல் மீண்டும் மண்டலத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆனால் தலைவரின் அதிகாரமே ஒரு சிக்கலாக இருந்தது. பழைய விதிப்படி தேர்வாளர்களின் முடிவுக்குப் போர்டுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 0-4 என்று தோற்ற பிறகு தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து மாற்றக் குழு முடிவெடுத்ததாகவும், அப்போதைய தலைவர் என். ஸ்ரீனிவாசன் ஒப்புதல் தரவில்லை என்றும் 2012-இல் மொஹிந்தர் அமர்நாத் வெளிப்படையாகச் சொன்னார். தோனி அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் கோப்பையை வென்று வந்தது வேறு விஷயம்.

6. ரஞ்சியில் மலைபோல ரன் குவித்தவனை ஏன் எடுப்பதில்லை? பத்ரிநாத் என்ன பாவம் செய்தார்?

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) காரைக்குடி காளை அணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் எங்கள் ஊரில் பத்ரிநாத் பெயர் தனி வேகத்தோடு வரும். முதல்தர ஆட்டங்களில் 10,000 ரன்களுக்கு மேல், சராசரி ஐம்பதுக்கு மேல், டெஸ்ட் இரண்டு. அமோல் மஜும்தார் 11,000 ரன்களைத் தாண்டியும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயலுக்கும் டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை. அதே இடத்தில் இன்னோர் இடக்கைச் சுழல் வீச்சாளர் பேடி நின்றுகொண்டிருந்தார். பத்ரிநாத்துக்கு முன்னால் திராவிட், டெண்டுல்கர், லட்சுமண். இவர்கள் செய்த பாவம் பிறந்த ஆண்டுதான். எந்தச் சீர்திருத்தமும் இதைத் தீர்க்காது.

தீர்க்கக்கூடிய பகுதி வேறு. என் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. மேட்டிங் ஆடுகளம், மே மாத வெயில், ஒரு இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன்: 14 ஓவர், 5 மெய்டன், 22 ரன், 1 விக்கெட். மறுநாள் யாராவது கேட்டால் "ஒரு விக்கெட்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று சிறிய முக்கோணங்கள் போட்டிருக்கிறேன். மூன்றும் ஸ்லிப்பில் நழுவிய கேட்ச்கள், மூன்றையும் விட்டவர் ஒரே ஆள், கிளப் செயலாளரின் மைத்துனர். நழுவிய கேட்ச்சுக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாது. முக்கோணம் நானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. அன்று அந்தப் பையன் வீசியது நாலு விக்கெட் வீச்சு. நேரில் பார்த்த தேர்வாளருக்கு அது தெரியும். அட்டையை மட்டும் பார்க்கிறவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

7. எண்களை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? பேசாமல் கணினியிடம் விட்டுவிடலாமே?

எண்களை நம்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எண் எழுதித்தான் எனக்கு இந்த மரியாதையே கிடைத்தது. எண்ணோடு அதன் ஊரையும் பேரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2022 நவம்பர் 21 அன்று விஜய் ஹசாரே கோப்பையில் நம் நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277 அடித்தார். தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. இரண்டுமே ஐம்பது ஓவர் வகை ஆட்டத்தில் அன்றைக்கு உலகச் சாதனை. எதிரணி அருணாசலப் பிரதேசம். அவரை எடுக்கச் சொல்லி அன்று டீக்கடையே கொதித்தது. நான் 277-ஐ ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு முன்னால் வரிசையாக அடித்த நாலு சதங்களைக் காட்டினேன்: ஆந்திரா, சத்தீஸ்கர், கோவா, ஹரியானா. அவரை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்த நாலுதான் சரியான சாட்சி. 2025-இல் ரிஷப் பந்த் காயமடைந்தபோது அவருக்கு ஓவல் டெஸ்டுக்கு அழைப்பு வந்தது. ஆடும் வாய்ப்பு வரவில்லை.

எதிரணி எது, ஆடுகளம் எப்படி, பந்து எத்தனை ஓவர் பழையது என்பதையெல்லாம் எடைபோட்டுக் கணினி ஒரு வரிசை தரட்டும். அது மேசைக்கு வரும் முதல் காகிதமாக இருக்கலாம். கடைசிக் காகிதமாக இருக்க முடியாது: என் முக்கோணம் அதற்குத் தெரியாது.

8. ஐபிஎல் இருக்கும்போது ரஞ்சி எதற்கு? நடராஜனை ஐபிஎல்தானே கண்டுபிடித்தது?

பாதி உண்மை. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன், சென்னை லீக்கில் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி, 2015-இல் ரஞ்சி ஆடி, பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்து அதைத் திருத்திக்கொண்டு, 2016 டிஎன்பிஎல்லில் யார்க்கர் வீசிய பிறகுதான் 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். ஐபிஎல் கடைசிப் படி. கீழே இருந்த படிகளை யாரும் தொலைக்காட்சியில் காட்டவில்லை.

2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராகப் போனவர் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டில் அவரும் வாஷிங்டன் சுந்தரும் ஆடியதற்குக் காரணம், முன்வரிசை வீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயமடைந்து விழுந்ததுதான். சுந்தர் 62 ரன் அடித்தார். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது. நடராஜனுக்கு அதற்குப் பிறகு டெஸ்ட் கிடைக்கவில்லை. இருபது ஓவரில் நாலு ஓவர் வீசும் திறமை ஒன்று. மூன்றாம் நாள் மாலை இருபதாவது ஓவரை வீசும் உடம்பு இன்னொன்று. அதைச் சோதிக்க ரஞ்சியை விட்டால் வேறு இடமில்லை. போர்டும் இதை உணர்ந்துதான் 2024-இல் ரஞ்சியைத் தவிர்த்ததாகப் பேசப்பட்ட ஷ்ரேயஸ் ஐயர், இஷான் கிஷன் இருவரையும் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜனவரியில் கோலியே பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெல்லிக்காக ரஞ்சி ஆடி, 6 ரன்னில் ஸ்டம்ப் பறிகொடுத்தார்.

9. யோ-யோ ஓட்டத்தில் தோற்றால் பேட்டிங் மறந்துவிடுமா?

மறக்காது. 2018-இல் ஐபிஎல்லில் ரன் குவித்திருந்த அம்பத்தி ராயுடு உடல்தகுதியைச் சோதிக்கும் அந்த ஓட்டத்தில் தவறியதால் இங்கிலாந்துப் பயணத்தை இழந்தார். தகுதி வேண்டும், சரி. பட்டியலில் பெயர் போட்ட பிறகு ஓடச் சொல்வதுதான் கோளாறு. முதலில் ஓடவிட்டுப் பிறகு பெயரைப் போட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை.

10. காரைக்குடிப் பையன் ஒருவன் இந்திய அணி வரை போக வழி இருக்கிறதா? நம் பேரில் காளை அணியே இருந்ததே?

பேர் நம்முடையது, ஆட்டங்கள் சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன. பிறகு அந்த அணியின் பேரும் திருப்பூருக்குப் போய்விட்டது. வழி பழைய வழிதான்: மாவட்ட லீக், மாவட்ட அணி, பிறகு விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கே ஏதாவது ஒரு பிரிவில் ஒரு கிளப்.

சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த பையன் ஒருவனை ஒரு வயதுப் பிரிவுத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றான். கையில் பேட் வந்தபோது மூன்றரை. ஒரே ஓவர். வீசியவனும் தேர்வுக்கு வந்த இன்னொரு பையன்தான். முதல் இரண்டு பந்தும் வைடு. மூன்றாவதைத் தடுத்தான். நாலாவதை எக்ஸ்ட்ரா கவர் பக்கம் தரையோடு அனுப்பினான். ஏழரை மணி நேரக் காத்திருப்பில் நான் பார்த்த நல்ல அடி அது ஒன்றுதான். பார்க்க வேண்டியவர் அப்போது செல்போனில் குனிந்திருந்தார். நிமிர்ந்து "அடுத்து" என்றார். பையன் திரும்பும் வழியில் திருப்பத்தூர் வரை பேசவில்லை.

தேசிய அணித் தேர்வைச் சீர்திருத்துவது என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்டு ஒரு நல்ல காரியம் செய்தது: வெங்சர்க்கார் தலைமையில் ஊர் ஊராகச் சென்று ஆட்டம் பார்த்து எழுத முன்னாள் வீரர்களை அனுப்பியது. பெரிய நகரங்களுக்கு வெளியே, ஜாம்ஷெட்பூரில் தோனியைப் பார்த்துவிட்டு பிரகாஷ் போத்தார் எழுதி அனுப்பிய குறிப்பு அப்படி வந்ததுதான். வயது வரம்பைத் தோனி தாண்டியிருந்தும் அந்தக் குறிப்பு மதிக்கப்பட்டது. பிறகு அந்த ஏற்பாடே மங்கிப்போனது.

11. சரி, எல்லாம் குறை சொல்லியாயிற்று. நீங்கள் என்னதான் மாற்றச் சொல்கிறீர்கள்?

எழுதி வைக்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போன ஏஜெண்டுகள் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்து திரும்பியவரிடம் முதலாளி கேட்டது எவ்வளவு லாபம் என்று மட்டுமல்ல. இவருக்கு ஏன் கடன் கொடுத்தாய், அவருக்கு ஏன் மறுத்தாய் என்பதையும் கேட்டார். கடல் தாண்டிக் கடன் கொடுத்தவருக்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு, நாட்டுக்கே அணி எடுக்கிறவர்களுக்கு இல்லை.

2018-ஐப் பாருங்கள். 2016-இல் சென்னையில் 303 அடித்த கருண் நாயர், அடுத்த ஆண்டு மூன்று டெஸ்டுகளோடு வெளியே போனார். 2018-இல் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய்த் தொடர் முழுக்க உட்கார வைத்தார்கள். கடைசி இரண்டு டெஸ்டுகளுக்கு ஊரிலிருந்து ஹனுமா விஹாரியை வரவழைத்து, கடைசி டெஸ்டில் ஆட வைத்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை என்றார் கருண். நானே பேசினேன் என்றார் பிரசாத். அதே மாதங்களில் நம் முரளி விஜயும் யாரும் பேசவில்லை என்றார். அதற்கும் குழுவிடமிருந்து மறுப்பு வந்தது. யார் சொன்னது உண்மை? ஒரு காகிதம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். 2019 உலகக் கோப்பைக்கு ராயுடுவை விட்டுவிட்டு விஜய் சங்கரை எடுத்தபோது நாடு கேட்ட காரணம், அவர் மூன்று பரிமாணங்களும் உள்ள ஆட்டக்காரர் என்பது. நல்ல வாக்கியம். பேரேட்டில் ஏற்றுகிற கணக்கு இல்லை.

எனவே, சேர்க்கப்பட்ட, நீக்கப்பட்ட, கடைசி வரை பேசப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் நாலு வரி: எதற்காக எடுத்தோம் அல்லது நிறுத்தினோம், எந்தத் தேர்வாளர் அவரை எந்த ஆட்டத்தில் நேரில் பார்த்தார், அவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம், வெளியே போகிறவர் திரும்பி வர என்ன செய்ய வேண்டும். பட்டியல் வெளிவருவதற்கு முன்னால் அந்த நாலு வரியை ஆட்டக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் ஐந்து பேரும் உட்கார்ந்து தாங்கள் எழுதியதைத் தாங்களே திரும்பப் படிக்க வேண்டும். யார் நேரில் பார்த்தார் என்ற கட்டம் காலியாகக் கிடந்தால், மூன்றாம் பதிலில் சொன்ன பத்தொன்பது மைதானச் சிக்கல் தானாகவே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

12. காரணத்தை வெளியே சொன்னால் எதிரணிக்கு நம் பலவீனம் தெரிந்துவிடாதா? பையனின் மானம் என்ன ஆவது?

வெளியே சொல்லச் சொல்லவில்லை, எழுதச் சொன்னேன். ஆட்டக்காரருக்கு ஒரு பிரதி, பெட்டகத்தில் ஒரு பிரதி. ஐந்து ஆண்டு கழித்தோ, அவர் ஓய்வு பெற்ற பிறகோ திறக்கலாம். உடல்நலம், மனநலம் பற்றியவை திறக்கவே வேண்டாம். மற்றபடி, எதிரணிக்கு நம் பேட்ஸ்மேனின் பலவீனம் நம் தேர்வாளரின் குறிப்பைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா? ஒவ்வொரு பந்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

13. எதற்கு இத்தனை சுற்றுவழி? பயிற்சியாளரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருப்பாரே?

இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 2021-இல் எட் ஸ்மித்தின் தேசியத் தேர்வாளர் பதவியை ஒழித்துவிட்டு, பயிற்சியாளர் கிறிஸ் சில்வர்வுட்டிடம் சாவியைக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் ஆஷஸ் தொடரில் 0-4, சில்வர்வுட் போனார், பின்னால் லூக் ரைட்டைத் தேர்வாளராக வைத்தார்கள். தினமும் அணியோடு இருக்கிறவருக்கு அணிக்கு வெளியே இருப்பவனைப் பார்க்க நேரம் இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். ஆஸ்திரேலியாவில் 2011-இல் அணியின் ஆட்டத்தை ஆராய்ந்த ஆர்கஸ் அறிக்கைக்குப் பிறகு கேப்டனையும் பயிற்சியாளரையும் தேர்வுக்குழுவிலேயே சேர்த்தார்கள். இரண்டே ஆண்டில் கேப்டன் கிளார்க் அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று விட்டுவிட்டார். காலையில் நீக்க வேண்டியவனோடு மாலையில் ஸ்லிப்பில் நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

14. அரசாங்கம் பார்த்துக்கொண்டால்?

இலங்கையில் அணிப் பட்டியலுக்கு விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டம். 2023 நவம்பரில் அரசுத் தலையீடு என்று சொல்லி உலகக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசி அவர்களைச் சில மாதம் இடைநீக்கமே செய்தது. வேண்டாம்.

15. தேர்வாளரின் மகனே ஆட்டக்காரராக இருந்தால்? சொந்தம் விட்டுப்போகுமா?

ரோஜர் பின்னி தேர்வாளராக இருந்தபோது மகன் ஸ்டூவர்ட் பின்னி அணிக்கு வந்தார். மகன் பெயர் வரும்போது அறையை விட்டு வெளியே போய்விடுவேன் என்று தந்தை சொன்னார். மகன் 2014-இல் வங்கதேசத்துக்கு எதிராக 4 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகும் பேச்சு ஓயவில்லை. அப்பா எழுந்து போனாலும் நாற்காலி அங்கேயே இருக்கிறதே என்பார்கள். என் யோசனை: அப்படி ஒரு நிலை வந்தால் அந்தப் பருவத்துக்குத் தேர்வாளர் விலகிவிடட்டும். ஆறாம் பதிலில் வந்த மைத்துனரை ஸ்லிப்பிலிருந்து எடுக்க எங்கள் கிளப்புக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் காரம் அதிகம்.

16. ஷஃபாலியை எடுக்காமல் விட்டார்கள், அவர்தான் உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். தேர்வாளர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இதிலேயே தெரியவில்லையா?

கேட்டது பள்ளத்தூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி. இதுவரை வந்ததில் கடினமான கேள்வி இதுதான். 2025 மகளிர் உலகக் கோப்பைப் பட்டியலில் ஷஃபாலி வர்மா இல்லை. தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவல் காயமடைந்ததால் அரையிறுதிக்கு முன் அழைக்கப்பட்டார். இறுதி ஆட்டத்தில் 87 ரன், 2 விக்கெட், ஆட்ட நாயகி. அந்த அணியின் பயிற்சியாளர், ஆறாம் பதிலில் வந்த அதே அமோல் மஜும்தார்.

முதலில் விட்டது தவறா? ஷஃபாலியின் இடத்தில் ஆடிய பிரதிகா அந்தப் போட்டியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சதம் அடித்தவர், மொத்தம் 300 ரன்களைத் தாண்டியவர். அப்படிப்பட்டவரை எடுத்தது நல்ல முடிவு. ஷஃபாலியைக் கூப்பிட்டதும் நல்ல முடிவு. முடிவெடுத்த நாளில் கையில் என்ன இருந்தது என்று பார்க்காமல், கோப்பையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் எல்லாத் தேர்வாளரும் ஒரு நாள் மேதை, மறுநாள் முட்டாள். 2024-இல் முல்தானில் இங்கிலாந்திடம் முதல் டெஸ்ட் தோற்றதும் பாகிஸ்தான் குழுவையே மாற்றி, அலீம் தார் என்ற நடுவரையும் அதில் சேர்த்தது. புதுக் குழு பாபர் ஆசமை நிறுத்தியது. அடுத்த டெஸ்டில் சுழற்பந்து வீச்சாளர்கள் நோமானும் சாஜிதும் இருபது விக்கெட்டையும் எடுத்தார்கள். நடுவரைச் சேர்த்ததாலா, ஏற்கெனவே ஆடிய அதே ஆடுகளத்தை விசிறி வைத்துக் காயவைத்ததாலா? எழுதி வைத்தவர் யாராவது இருந்தால்தான் சொல்ல முடியும்.

17. மற்றவர் கணக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் புத்தகத்தில் தப்பே வந்ததில்லையா?

வந்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே நிறத் தொப்பி. தம்பி ஓடிய ஒரு ரன்னை அண்ணன் கணக்கில் எழுதிவிட்டேன். அன்று இரவு பந்து வீச்சுப் பக்கத்தோடு சரிபார்த்தபோது தெரிந்தது. புத்தகத்தில் அழிக்கக்கூடாது என்பது என் வழக்கம். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அண்ணனின் 50 ரன் 49 ஆனது. மறுநாள் காலையில் நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முகப்பில் உட்கார்ந்திருந்தவன் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, தம்பிக்கு இப்போது எத்தனை?" என்று கேட்டான். பதினேழு என்றேன்.